தொடக்கத்தில் தானாக ஏறும் வைஃபை டிரைவர்: லினக்ஸில் எந்தத் தடை எந்த நிலைமைக்கு?

ஒரு லினக்ஸ் கணினி தொடங்கி முடித்ததும், அதன் மையநிரலான கெர்னலில் ஏறியிருக்கும் மாட்யூல்களை (டிரைவர் போன்ற, தனியே ஏற்றக்கூடிய நிரல்துண்டுகளை) பட்டியலிடும் எல்எஸ்மாட் கட்டளையை ஓட்டிப் பார்த்தால், நாம் கேட்காத வைஃபை டிரைவர் ஒன்று ஏறி உட்கார்ந்திருப்பது அரிய காட்சி அல்ல. பிராட்காம் அட்டைக்கென்று அந்நிறுவனத்தின் மூடிய (மூலநிரல் முழுதும் வெளியிடப்படாத) டிரைவரை நிறுவிய பின்னும் பழைய திறந்த டிரைவரே அட்டையைப் பிடித்துக்கொண்டிருக்கும். தனியே கம்பைல் செய்த ரியல்டெக் டிரைவரோடு நன்றாக ஓடிக்கொண்டிருந்த யூஎஸ்பி டாங்கிள், கெர்னல் மேம்படுத்தலுக்குப் பிறகு வேறொரு டிரைவரின் கைக்குப் போயிருக்கும். கேபிளில் மட்டுமே இயங்கவேண்டிய சர்வரில் வைஃபை மாட்யூல்கள் வரிசையாக ஏறி நிற்கும். இவை அனைத்துக்கும் வழக்கமாகச் சொல்லப்படும் மருந்து ஒன்றே: அந்த மாட்யூலை பிளாக்லிஸ்ட் செய்துவிடுங்கள், அதாவது தடைப்பட்டியலில் எழுதிவிடுங்கள் என்பது. என் கணிப்பில் அந்த அறிவுரை ரியல்டெக் நிலைமைக்கு முழுமையாகப் பொருந்துகிறது, பிராட்காம் நிலைமைக்குப் பாதிதான் பொருந்துகிறது, சர்வருக்கோ போதவே போதாது. ஏறக்குறைய ஒரே வேலையைச் செய்வதுபோலத் தோன்றும் வழிகள் லினக்ஸில் பல உண்டு. ஒவ்வொன்றும் டிரைவர் ஏறும் பாதையின் வேறு வேறு இடத்தில் குறுக்கே நிற்கிறது என்பதால், எதைத் தேர்வது என்ற கேள்விக்கு விடை, அந்த டிரைவரை ஏற்றியது யார் என்பதைப் பொறுத்தது.

ஏற்றுவது யார்

பிசிஐ அல்லது யூஎஸ்பி இணைப்பில் ஒரு சாதனத்தைக் காணும்போது, கெர்னல் அதன் தயாரிப்பாளர் எண், சாதன எண், வகை எண் ஆகியவற்றைக் கோத்து மாட்அலையஸ் என்னும் சரத்தை உருவாக்கி, சாதனம் வந்திருக்கிறது என்ற செய்தியோடு, சாதனங்களைக் கவனிக்கும் பின்னணி நிரலான யூடெவுக்கு அனுப்புகிறது. ஒவ்வொரு மாட்யூலும் தான் எந்தெந்தச் சாதனங்களை இயக்கும் என்பதை அதே வடிவில் தனக்குள் எழுதிவைத்திருக்கிறது; டெப்மாட் கட்டளை அவற்றையெல்லாம் திரட்டி மாட்யூல்ஸ்.அலையஸ் என்ற கோப்பில் சேர்த்துவைக்கிறது. வந்த சரத்தை இந்தக் கோப்போடு ஒப்பிட்டுப் பொருந்துவதை யூடெவ் ஏற்றுகிறது. முன்பே பொருத்தப்பட்டிருக்கும் சாதனங்களுக்கும் தொடக்கத்தின்போது இந்தச் செய்திகள் மறுபடி எழுப்பப்படுகின்றன. ஆகவேதான் யாரும் எங்கும் எழுதிவைக்காத டிரைவர்கூட ஒவ்வொரு முறையும் தவறாமல் வந்து சேர்கிறது. பிணைய இணைப்புகளை நிர்வகிக்கும் நெட்வொர்க் மேனேஜர் இதைச் செய்வதாகப் பலர் நினைத்து அதை முடக்கிப் பார்க்கிறார்கள். அது ஏற்கெனவே உருவான பிணைய இடைமுகத்தைப் பயன்படுத்துமே தவிர, டிரைவரை ஏற்றுவதில் அதற்குப் பங்கில்லை.

சரத்துக்கு ஒரு மாட்யூல் மட்டும் பொருந்தினால் சிக்கல் எழாது. இரண்டு பொருந்தினால் இரண்டுமே ஏற்றப்படும். எது முதலில் சாதனத்தோடு பிணைகிறதோ அதற்கே சாதனம் சொந்தமாகும், மற்றது வேலையின்றிப் பட்டியலில் நிற்கும். பிராட்காமின் மூடிய டிரைவரான டபிள்யூஎல் இந்த விஷயத்தில் தனி ரகம். அது குறிப்பிட்ட சாதன எண்களைச் சொல்வதில்லை. எந்தத் தயாரிப்பாளருடையதாக இருந்தாலும், பிசிஐ வகைப்பாட்டில் 0280 என்ற வகை எண் கொண்ட பிணைய அட்டை அனைத்துக்கும் தான் பொருந்துவதாக அறிவிக்கிறது. பழைய பிராட்காம் அட்டையைக் கழற்றிவிட்டு இன்டெல் அட்டையைப் பொருத்திய மடிக்கணினியில், அந்த டிரைவரின் பேக்கேஜ் இன்னும் நிறுவப்பட்டிருந்தால், டபிள்யூஎல் தொடர்ந்து ஏறிக்கொண்டே இருப்பதற்கும், திறந்த உரிமம் இல்லாத நிரல் ஏறியதால் கெர்னல் மாசுபட்டது என்ற வரி பதிவில் தொடர்ந்து வருவதற்கும் காரணம் இதுதான். இந்த இடத்தில் பிளாக்லிஸ்ட் எழுதுவது வீண்வேலை. பேக்கேஜையே நீக்கிவிடுவது சரி. நீக்கும்போது, டெபியன் வழிவந்த இயங்குதளங்களில் சாதாரண நீக்கம் இடிசி அடைவிலுள்ள அமைவுக் கோப்புகளை விட்டுவைக்கும் என்பதையும், அவற்றையும் சேர்த்து அழிக்க பர்ஜ் கட்டளை வேண்டும் என்பதையும் நினைவில் கொள்ளவேண்டும். இல்லாவிட்டால் அந்த பேக்கேஜ் தன் போட்டியாளர்களைத் தடுக்க எழுதிவைத்த பட்டியல், அது போன பிறகும் மற்ற டிரைவர்களைத் தடுத்துக்கொண்டிருக்கும்.

எனவே எதையும் எழுதுவதற்கு முன் சில நிமிடங்கள் பார்ப்பதற்குச் செலவிடலாம். எல்எஸ்பிசிஐ கட்டளையை இரண்டு என், ஒரு கே ஆகிய விருப்பங்களுடன் ஓட்டினால், ஒவ்வொரு அட்டைக்கும் கீழே இரண்டு வரிகள் வரும்: ஒன்று இப்போது அட்டையை வைத்திருக்கும் டிரைவர், மற்றது அதற்குப் பொருந்தக்கூடிய மாட்யூல்கள் அனைத்தும். யூஎஸ்பி டாங்கிள் என்றால் எல்எஸ்யூஎஸ்பி கட்டளையின் மர வடிவம் டிரைவரின் பெயரைக் காட்டும். கெர்னல் சாதன விவரங்களைக் காட்டும் சிஸ் கோப்பு முறைமையில் அந்தச் சாதனத்துக்குரிய மாட்அலையஸ் சரத்தை எடுத்து, மாட்யூல்களை ஏற்றும் மாட்ப்ரோப் கட்டளையிடம் அதன் பெரிய ஆர் விருப்பத்தோடு கொடுத்தால், எந்தெந்த மாட்யூல்கள் அதற்கு உரிமை கோருகின்றன என்பது தெரிந்துவிடும். அடுத்து, இடிசி அடைவின் கீழுள்ள மாட்யூல்ஸ் என்ற கோப்பையும் மாட்யூல்ஸ்-லோட்.டி கோப்புறையையும் ஒரு முறை திறந்து பார்க்கவேண்டும். அங்கே டிரைவரின் பெயர் எழுதப்பட்டிருந்தால், அதை ஏற்றுவது வன்பொருள் கண்டறிதல் அல்ல, என்றோ யாரோ எழுதிய ஒரு வரி. அந்த வரியை அழிப்பதே முதல் வேலை.

சிஎஃப்ஜி80211, மேக்80211 ஆகிய இரண்டும் பட்டியலில் இருப்பதைக் கண்டு பதறவேண்டியதில்லை. அவை அட்டையை இயக்கும் டிரைவர்கள் அல்ல. டிரைவர்கள் பொதுவாகச் சாய்ந்து நிற்கும் அடித்தளங்கள். ஒழுங்குமுறைத் தரவுக்கான சான்றிதழ்களை ஏற்றுவதாகக் கெர்னல் பதிவில் வரும் வரியும் சிஎஃப்ஜி80211 எழுதுவதுதான். மேலே நிற்கும் டிரைவர் வராமல் போனால் இவையும் பெரும்பாலும் தாமாகவே வராமல் போய்விடும்.

பிளாக்லிஸ்ட் கோப்பு: எதைத் தடுக்கிறது, எதைத் தடுக்கவில்லை

இடிசி அடைவிலுள்ள மாட்ப்ரோப்.டி கோப்புறையில், கான்ஃப் என்ற நீட்சியோடு முடியும் ஒரு கோப்பில், பிளாக்லிஸ்ட் என்ற சொல்லையும் மாட்யூலின் பெயரையும் ஒரே வரியில் எழுதுவதுதான் எல்லோருக்கும் தெரிந்த வழி. நீட்சி வேறாக இருந்தால் அந்தக் கோப்பு படிக்கப்படாது. வழி வேலை செய்யவில்லை என்று வரும் புகார்களில் சில இந்த ஓர் எழுத்துப்பிழையில் முடிந்துவிடுகின்றன.

அந்த வரிக்கு உள்ள பொருளை மாட்ப்ரோப்.டி கையேடு தெளிவாகவே சொல்கிறது: அந்த மாட்யூல் தனக்குள் எழுதிவைத்திருக்கும் சாதனப் பொருத்தங்கள் கணக்கில் கொள்ளப்படமாட்டா. அவ்வளவுதான். பெயரைச் சொல்லி யாராவது ஏற்றினால் அது ஏறும். வேறொரு மாட்யூலுக்கு அது தேவைப்பட்டால் அப்போதும் ஏறும். இரண்டு டிரைவர்கள் ஒரே சாதனத்துக்குப் போட்டியிடும்போது ஒன்றை ஒதுக்கிவைப்பதற்காகவே இது வடிவமைக்கப்பட்டது. முழுத்தடையாக நினைத்துப் பயன்படுத்துகிறவர்கள்தான் ஏமாறுகிறார்கள்.

இன்டெல் அட்டைகள் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. அங்கே பிசிஐ சாதனத்தோடு பிணைவது ஐடபிள்யூஎல்வைஃபை. அது ஃபர்ம்வேரை (அட்டைக்குள் ஓடும் நிரலை) படித்துவிட்டு, ஐடபிள்யூஎல்எம்விஎம் அல்லது ஐடபிள்யூஎல்டிவிஎம் என்ற இரண்டாம் மாட்யூலைக் கெர்னலுக்குள்ளிருந்தே பெயர் சொல்லி அழைக்கிறது. ஆகவே இரண்டாம் மாட்யூலை மட்டும் பட்டியலில் எழுதினால் ஒன்றும் நடக்காது. முதல் மாட்யூலை எழுதினால் இரண்டும் வாரா.

பிராட்காமில் இதே அடுக்கு வேறுவிதமாகக் கடிக்கிறது. பிசிஎம்4313 என்ற சிப் ஒரு காலத்தில் ஏராளமான மடிக்கணினிகளில் வந்தது; அதற்குத் திறந்த டிரைவர் பிஆர்சிஎம்எஸ்மேக், மூடிய டிரைவர் டபிள்யூஎல். திறந்த டிரைவரின் பெயரை மட்டும் பிளாக்லிஸ்டில் எழுதிவிட்டுத் தொடங்கினால், பிஆர்சிஎம்எஸ்மேக் பட்டியலில் இராது, டபிள்யூஎல் இருக்கும், வைஃபை மட்டும் வேலை செய்யாது. காரணம், பிசிஐ சாதனத்தைப் பிடிப்பது பிஆர்சிஎம்எஸ்மேக் அல்ல. பிசிஎம்ஏ என்ற பாலம். அந்தப் பாலம் சாதனத்தைத் தன்வசப்படுத்திக்கொண்டு, தனக்குள் ஒரு துணை இணைப்பை உருவாக்கி, அதன்மீது பிஆர்சிஎம்எஸ்மேக் ஏற இடம் தருகிறது. எல்எஸ்பிசிஐ காட்டும் டிரைவர் பெயரும் பிசிஎம்ஏ-பிசிஐ-பிரிட்ஜ் என்றே இருக்கும். மேலே ஏறுகிறவரைத் தடுத்துப் பயனில்லை. பிசிஎம்ஏ பெயரையும் பட்டியலில் சேர்த்தால்தான் டபிள்யூஎல் கைக்கு அட்டை வரும்.

பழைய பிராட்காம் சிப்களில் பிசிஎம்ஏ இடத்தில் எஸ்எஸ்பி என்ற பாலமும், பிஆர்சிஎம்எஸ்மேக் இடத்தில் பி43 டிரைவரும் நிற்கின்றன. அங்கே எஸ்எஸ்பியைத் தடுக்கும்போது கவனம் இரட்டிப்பாக வேண்டும், ஏனெனில் அதே காலத்து மடிக்கணினிகள் சிலவற்றில் கேபிள் பிணையத்துக்கான பி44 டிரைவரும் அந்த எஸ்எஸ்பியைச் சார்ந்துதான் இயங்குகிறது. பிளாக்லிஸ்ட் வரி சார்பு வழியாக வருவதைத் தடுப்பதில்லை என்பதால், எஸ்எஸ்பியை மட்டும் அப்படி எழுதினால் பி44 தனக்குத் தேவையானதை அழைத்துக்கொள்ளும், கேபிள் பிணையம் தப்பிக்கும். கீழே விளக்கும் இன்ஸ்டால் வரியை எழுதியிருந்தால் கதை வேறு.

பிளாக்லிஸ்டின் பெரிய நன்மை, அது எளிதில் திரும்பப் பெறக்கூடியது என்பது. ஒரு கோப்பு, ஒரு வரி. வேண்டாமென்றால் வரிக்கு முன்னே ஒரு எண்குறி (#). அவசரத்துக்கு மாட்ப்ரோப் கட்டளையில் பெயரைச் சொன்னால் டிரைவர் உடனே ஏறிவிடும். ஒரு நிபந்தனை: தொடக்கக் கோப்பு முறைமையான இனிட்ராம்எஃப்எஸ்ஸுக்குள் இந்தக் கோப்புறையின் நகல் ஒன்று இருப்பதால், மாற்றிய பின் அதையும் புதுப்பிப்பது நல்லது. டெபியன், உபுண்டுவில் அப்டேட்-இனிட்ராம்எஃப்எஸ், ஃபெடோராவில் டிராகட், ஆர்ச்சில் எம்கேஇனிட்சிபிஐஓ. வைஃபை டிரைவர்கள் வழக்கமாக அந்த முதல் கட்டத்தில் ஏறுவதில்லை என்றாலும், எல்லாம் சரியாக எழுதியும் பலன் இல்லாதபோது முதலில் சந்தேகிக்கவேண்டிய இடம் அது.

ஆபத்து ஒன்று பலர் கண்ணில் படுவதில்லை. திறந்த டிரைவரைத் தடுத்துவிட்டு, ஒவ்வொரு புதிய கெர்னலுக்கும் மாட்யூலை மறுபடி கட்டித்தரும் டிகேஎம்எஸ் மூலம் கம்பைல் ஆகும் வெளி டிரைவரையே நம்பியிருக்கும் கணினியில், ஒரு கெர்னல் மேம்படுத்தலின்போது அந்தக் கம்பைல் தோற்றுப்போனால், அல்லது செக்யூர் பூட் (கையொப்பமிட்ட நிரல்களை மட்டும் அனுமதிக்கும் ஏற்பாடு) இயக்கப்பட்டிருந்து புதிய மாட்யூலில் ஏற்கத்தக்க கையொப்பம் இல்லாதுபோனால், இரண்டு டிரைவர்களுமே இல்லாமல் கணினி தொடங்கும். சிக்கலைத் தீர்க்கத் தேவையான இணையமும் அதனோடு போய்விடும். டபிள்யூஎல் டிரைவரின் மூலநிரல் 6.30.223.271 என்ற பதிப்போடு 2015இல் நின்றுவிட்டது. அதற்குப் பிந்தைய கெர்னல்களில் அது கம்பைல் ஆவதெல்லாம் இயங்குதளப் பராமரிப்பாளர்கள் சேர்க்கும் திருத்தங்களின் தயவில்தான். அந்த டிரைவரை நம்பியிருப்பவர், கேபிள் இணைப்பு ஒன்றோ கைப்பேசியை யூஎஸ்பியில் செருகி இணையம் பகிரும் வசதியோ கைவசம் இருப்பதை உறுதிசெய்துகொண்டு பிறகு பிளாக்லிஸ்ட் எழுதுவது நல்லது.

இன்ஸ்டால் வரி

அதே கோப்பில் இன்ஸ்டால் என்று தொடங்கி, மாட்யூலின் பெயரையும் அதையடுத்து ‘பின்’ என்ற பெயருள்ள அடைவிலுள்ள ஃபால்ஸ் நிரலின் பாதையையும் எழுதினால், மாட்ப்ரோப் அந்த மாட்யூலை ஏற்றவேண்டிய இடத்தில் ஃபால்ஸ் நிரலை ஓட்டித் தோல்வியைத் திருப்பித் தரும். இது சாதனப் பொருத்தம், பெயர் சொல்லி அழைத்தல், சார்பு ஆகிய மூன்று வழிகளையும் அடைக்கிறது. ஐடபிள்யூஎல்எம்விஎம் போல உள்ளிருந்து அழைக்கப்படும் மாட்யூல்களும் இதில் சிக்கும், ஏனெனில் கெர்னல் அந்த அழைப்பை மாட்ப்ரோப் வழியாகவே நிறைவேற்றுகிறது. ஃபால்ஸுக்குப் பதில் ட்ரூ நிரலை எழுதும் பழக்கமும் உண்டு. அது தோல்விச் செய்திகளை மறைத்துவிடுவதால், பிறகு சிக்கலைத் தேடுகிறவருக்குக் கண்ணைக் கட்டியதுபோல் ஆகும். ஃபால்ஸே நேர்மையானது.

வலிமை கூடுவதால் பக்கவிளைவும் கூடுகிறது. எஸ்எஸ்பிக்கு இந்த வரியை எழுதினால் மேலே சொன்ன பி44 ஏற முடியாமல் கேபிள் பிணையமும் போகும். ஆகவே இன்ஸ்டால் வரியை எழுதும் முன், எந்தெந்த மாட்யூல்கள் அதைச் சார்ந்திருக்கின்றன என்பதை எல்எஸ்மாட் பட்டியலின் கடைசி நெடுவரிசையில் பார்த்துக்கொள்வது அவசியம். இது உடைக்க முடியாத பூட்டும் அல்ல: இன்ஸ்மாட் கட்டளையால் மாட்யூல் கோப்பை நேரடியாக ஏற்றினால் இந்த அமைவுக் கோப்பு எதுவும் குறுக்கே வராது.

கெர்னல் கட்டளை வரி

தொடக்க ஏற்பாட்டில், அதாவது பெரும்பாலும் கெர்னலைத் தொடங்கிவைக்கும் கிரப் நிரலின் அமைவில், கெர்னலுக்குத் தரும் வரியிலும் தடையைச் சொல்லலாம். இங்கே ஒரே மாதிரித் தெரியும் இரண்டு விருப்பங்கள் உள்ளன. அவற்றை ஒன்றாகக் கருதுவது பரவலான குழப்பம். மாட்ப்ரோப்.பிளாக்லிஸ்ட் என்பதைக் கெர்னல் பொருட்படுத்துவதில்லை. மாட்ப்ரோப்தான் அந்த வரியைப் படித்து, பிளாக்லிஸ்ட் கோப்பில் எழுதியதுபோலவே எடுத்துக்கொள்கிறது. கோப்புக்கு உள்ள அத்தனை வரம்புகளும் இதற்கும் உண்டு. மாட்யூல்_பிளாக்லிஸ்ட் என்பதோ, 2016இல் வந்த 4.8 பதிப்பிலிருந்து, கெர்னலே நேரடியாக நடைமுறைப்படுத்தும் தடை. எந்த வழியாக வந்தாலும், முழு அதிகாரமுள்ள ரூட் பயனர் இன்ஸ்மாட் கொடுத்தாலும், அந்தப் பெயர் கொண்ட மாட்யூலைக் கெர்னல் மறுத்து, அது தடைசெய்யப்பட்டது என்று பதிவில் ஒரு வரியும் எழுதும். பெயரை எல்எஸ்மாட் காட்டும் வடிவத்திலேயே, இடைக்கோட்டுக்குப் பதில் அடிக்கோட்டோடு எழுதவேண்டும்.

இவ்வழியின் சிறப்பு, ஒரே ஒரு தொடக்கத்துக்கு மட்டும் சோதித்துப் பார்க்கலாம் என்பது. கிரப் திரையில் ஈ விசையை அழுத்தி, வரியின் இறுதியில் சேர்த்துத் தொடங்கினால், அடுத்த முறை அது தானாகவே மறைந்துவிடும். தொலைவிலுள்ள கணினியாக இல்லாமல் திரை முன்னே இருந்தால், எந்த நிரந்தர மாற்றத்துக்கும் முன் இப்படிச் சோதித்துப் பார்ப்பதையே நான் பரிந்துரைப்பேன். கணினி தொடங்கும்போதே ஒரு வைஃபை டிரைவர் உறைந்துபோய் உள்நுழையக்கூட முடியாத நிலையில் இதுவே முதல் மீட்பு வழியும்கூட. குறை என்னவென்றால், நிரந்தரமாக்கினால் அது கிரப் அமைவுக்குள் புதைந்துவிடும், மாட்ப்ரோப்.டி கோப்புறையைப் பார்க்கிறவர் கண்ணில் படாது.

டிரைவர் மாட்யூலாக அல்லாமல் கெர்னலுக்குள்ளேயே சேர்த்துக் கட்டப்பட்டிருந்தால் இதுவரை சொன்ன எதுவும் பயன்படாது. தாமே கெர்னல் கட்டுகிறவர்களுக்கும் சில உட்பொதி கருவிகளுக்கும் மட்டுமே இந்த நிலை வரும், மாட்யூல்ஸ்.பில்டின் கோப்பில் பெயர் இருக்கிறதா என்று பார்த்தால் தெரிந்துவிடும்.

டிரைவரைத் தடுக்காமல் சாதனத்தைத் தடுப்பது

மேற்சொன்ன வழிகள் எல்லாம் டிரைவர் அளவில் நிற்கின்றன. ஒரே டிரைவரை இரண்டு சாதனங்கள் பகிரும்போது, அவற்றில் ஒன்று மட்டும் வேண்டாமென்றால், டிரைவரைத் தடுத்தால் இரண்டும் போகும். யூஎஸ்பி சாதனத்துக்கு யூடெவ் விதி ஒன்றில் தயாரிப்பாளர் எண்ணையும் பொருள் எண்ணையும் குறிப்பிட்டு, ஆதரைஸ்டு என்ற பண்பைச் சுழியமாக்கலாம். இரண்டு டாங்கிள்களும் ஒரே மாதிரியானவை என்றால் எண்களும் ஒன்றாகவே இருக்கும். அப்போது அது செருகப்பட்டிருக்கும் துளையின் பாதையைக் குறிப்பிட நேரிடும். விதி ஓடுவதற்குள் டிரைவர் ஏறியிருக்கவும் கூடும். அப்படி ஏறினாலும் சாதனம் அதன் கையிலிருந்து பறிக்கப்படுவதால் இடைமுகம் நிற்காது. பட்டியலில் மாட்யூல் பெயர் தெரிவதை வைத்து விதி தோற்றது என்று முடிவுகட்டவேண்டாம். பிசிஐ அட்டைக்கு இதற்கு இணையாக, யூடெவ் விதியில் ரிமூவ் பண்பை ஒன்றாக்கி, அட்டையையே மரத்திலிருந்து கழற்றிவிடலாம்.

இது நுணுக்கமான வழி. ஆனால் பெரும்பாலோருக்குத் தேவைப்படாது. மடிக்கணினியின் உள் அட்டை இன்டெல், டாங்கிள் ரியல்டெக் என்று இருக்கும்போது டிரைவர்களே வேறு வேறு. பிளாக்லிஸ்ட் கோப்பு போதும்.

ரேடியோவை மட்டும் அணைப்பது, அட்டையையே மறைப்பது

ரேடியோவை அணைத்து எழுப்பும் ஆர்எஃப்கில் கட்டளை டிரைவரைத் தொடுவதில்லை. டிரைவர் ஏறும், இடைமுகம் உருவாகும், ரேடியோ மட்டும் அணைந்திருக்கும். கணினியின் சேவைகளை நிர்வகிக்கும் சிஸ்டம்டி இந்த நிலையைச் சேமித்துவைத்து அடுத்த தொடக்கத்தில் மீட்டுத் தருவதால், ஒரு முறை அணைத்தால் அணைந்தபடியே தொடரும். வைஃபை இப்போதைக்கு வேண்டாம், நாளை வேண்டியிருக்கலாம் என்பவருக்கு இதைவிட எளிய வழி இல்லை. விசைப்பலகையிலுள்ள விமானப் பயன்முறை விசையோ மேசைச்சூழலின் பொத்தானோ அதைத் தட்டி எழுப்பிவிடலாம் என்பதால், இதைப் பாதுகாப்பு ஏற்பாடாகக் கொள்ளக்கூடாது. டிரைவர் பிழை காரணமாகக் கணினி உறைகிறது என்றாலும் இது உதவாது, பிழையுள்ள நிரல்தான் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கிறதே.

எதிர்முனையில், பயாஸ் அல்லது யூஇஎஃப்ஐ அமைவில் வைஃபையை அணைப்பது. அந்த வசதி உள்ள கணினிகளில் அட்டை கெர்னலின் கண்ணுக்கே படாது. சாதனம் இல்லாததால் சரம் இல்லை, சரம் இல்லாததால் டிரைவர் இல்லை. எந்த லினக்ஸை நிறுவினாலும் இந்தத் தடை நிற்கும். பல மடிக்கணினிகளில் புளூடூத்தும் அதே அட்டையில் இருப்பதால், அணைக்கும்போது அதுவும் சேர்ந்து போகக்கூடும். ராஸ்பெர்ரி பை பலகையில் பயாஸ் கிடையாது. அதன் இடத்தில் கான்ஃபிக் கோப்பு இருக்கிறது. அதில் டிசேபிள்-வைஃபை என்ற ஓவர்லேயை (வன்பொருள் அமைவை மாற்றும் சிறு கோப்பை) சேர்த்தால் உள்ளமைந்த அட்டை மறைந்து, பிஆர்சிஎம்எஃப்மேக் டிரைவரும் ஏறாது. 2023இல் வந்த அதன் இயங்குதளத்தின் புக்வார்ம் பதிப்பிலிருந்து அந்தக் கோப்பு பூட் அடைவின் உள்ளே ஃபர்ம்வேர் என்ற துணை அடைவுக்கு இடம் மாறியிருக்கிறது என்பதால், பழைய வழிகாட்டிகளைப் பார்த்து எழுதுகிறவர்கள் இடத்தைச் சரிபார்த்துக்கொள்ளவேண்டும். அங்கே புளூடூத்துக்குத் தனி ஓவர்லே இருப்பதால் வைஃபையை மட்டும் தனியாக அணைக்க முடிகிறது.

மாட்யூல் கோப்பையே அழித்துவிடுவது, ஃபர்ம்வேர் பேக்கேஜை நீக்கிவிடுவது என்ற இரண்டு வழிகளும் அவ்வப்போது பரிந்துரைக்கப்படுகின்றன. முதலாவது அடுத்த கெர்னல் மேம்படுத்தலோடு மண்ணாகும். இரண்டாவதில் டிரைவர் ஏறத்தான் செய்யும், ஃபர்ம்வேர் கிடைக்கவில்லை என்று ஒவ்வொரு முறையும் பதிவில் முறையிடவும் செய்யும். இரண்டையும் ஒதுக்கிவிடலாம்.

எதைத் தேர்வது

கேபிளில் மட்டும் இயங்கும் சர்வரிலிருந்து தொடங்குகிறேன், ஏனெனில் அங்கேதான் பழக்கமான விடை அதிகம் சறுக்குகிறது. தேவையில்லாத வைஃபை டிரைவர் வெறும் அழகுக்குறை அல்ல. 2022 அக்டோபரில் மேக்80211, சிஎஃப்ஜி80211 பகுதிகளில் ஐந்து பாதுகாப்புக் குறைகள் ஒன்றாக வெளியாயின. அவற்றில் சில, வைஃபை நிலையங்கள் தம் இருப்பை அறிவிக்கக் காற்றில் அனுப்பும் பீக்கன் சட்டகத்தைப் பெறுவதாலேயே தூண்டப்படக்கூடியவை. 2019இல் டபிள்யூஎல் டிரைவரிலும் நினைவக வழிவுக் குறைகள் கண்டறியப்பட்டன. ஆகவே சர்வரில் முதல் தேர்வு பயாஸ் அமைவு, அல்லது அட்டையைக் கழற்றிவிடுவது. அது இயலாத இடத்தில் மாட்யூல்_பிளாக்லிஸ்ட் விருப்பத்தில் அட்டையின் டிரைவரையும் சிஎஃப்ஜி80211ஐயும் சேர்த்து எழுதுவதை நான் விரும்புவேன். பின்னையதைத் தடுத்தால், நாளை யாராவது ஒரு டாங்கிளைச் செருகினாலும் அதைச் சார்ந்த டிரைவர் எதுவும் ஏறாது. கிரப் அமைவைத் தொட அனுமதி இல்லாத மெய்நிகர் சூழலில் அதே பெயர்களுக்கு இன்ஸ்டால் வரி. வெறும் பிளாக்லிஸ்ட் வரி இந்த வேலைக்கு உரியதல்ல.

பிராட்காம் மடிக்கணினியில் முதலில் கேட்கவேண்டியது, டபிள்யூஎல் உண்மையில் தேவையா என்பதே. பிசிஎம்4313 போன்று திறந்த டிரைவர் உள்ள சிப்களில் அதையே வைத்துக்கொண்டு, மூடிய பேக்கேஜை முழுமையாக நீக்குவதுதான் நெடுநாளைக்கு நல்லது. வேகத்திலோ நிலைத்தன்மையிலோ வித்தியாசம் கண்டு டபிள்யூஎல்தான் வேண்டும் என்றால், பிளாக்லிஸ்ட் கோப்பில் டிரைவரோடு பாலத்தின் பெயரையும் சேர்த்து எழுதவேண்டும். இன்ஸ்டால் வரி இங்கே வேண்டாம். கெர்னல் மேம்படுத்தலில் டபிள்யூஎல் கம்பைல் ஆகாமல் போகும் நாளில், பழைய டிரைவரை மாட்ப்ரோப் கட்டளையில் பெயர் சொல்லி ஏற்றி இணையம் பெறும் வாய்ப்பை அது பறித்துவிடும். பிளாக்லிஸ்ட் அந்தக் கதவைத் திறந்தே வைத்திருக்கிறது.

தொடக்கத்திலேயே உறையும் கணினிக்கு, கிரப் திரையில் மாட்யூல்_பிளாக்லிஸ்ட் கொடுத்து உள்ளே நுழைந்து, காரணத்தை உறுதிசெய்த பின் நிரந்தர வழியைத் தீர்மானிக்கலாம். பேட்டரிக்காகவோ கவனச்சிதறலுக்காகவோ வைஃபையை அணைத்துவைக்க நினைப்பவர் ஆர்எஃப்கிலோடு நின்றுவிடலாம், அவர் மாட்ப்ரோப்.டி கோப்புறைப் பக்கம் போகவே வேண்டியதில்லை.

ரியல்டெக் டாங்கிள்களில் தேர்வு காலத்தோடு மாறுகிறது. ஆர்டிஎல்8822பியூ சிப்புக்கு வெகுகாலம் வெளி டிரைவர்தான் வழி. அதன் மாட்யூல் பெயர் 88எக்ஸ்2பியூ. 2023 தொடக்கத்தில் வெளியான 6.2 கெர்னலில் ஆர்டிடபிள்யூ88 குடும்பத்துக்கு யூஎஸ்பி ஆதரவு சேர்ந்ததும், ஆர்டிடபிள்யூ88_8822பியூ என்ற உள் மாட்யூல் அதே டாங்கிளுக்கு உரிமை கோரத் தொடங்கியது. மேம்படுத்தலுக்குப் பின் டிரைவர் மாறிவிட்டதாகத் திகைத்தவர்கள் கண்டது இதையே. பிராட்காமில் உள்ளதுபோல் இங்கே இடையில் பாலம் இல்லை. சாதனப் பொருத்தங்கள் அந்த ஒரு மாட்யூலிலேயே இருப்பதால், அதன் பெயரை மட்டும் பிளாக்லிஸ்டில் எழுதினால் வெளி டிரைவர் மீண்டும் சாதனத்தைப் பெறும். யூஎஸ்பி ஆதரவு வந்த தொடக்கப் பதிப்புகளில் வெளி டிரைவரையே வைத்துக்கொள்ளக் காரணம் இருந்தது. இன்று புதிய கெர்னலில் இருப்பவர், பிளாக்லிஸ்ட் வரியை ஒரு முறை எண்குறியிட்டு முடக்கி, வெளி டிரைவரையும் கிரப் அமைவில் தற்காலிகமாகத் தடுத்து, உள் டிரைவரோடு ஒரு வாரம் ஓட்டிப் பார்க்கலாம். வேகம் போதுமானதாக இருந்தால் டிகேஎம்எஸ் பேக்கேஜையும் அந்தப் பிளாக்லிஸ்ட் கோப்பையும் ஒருசேர நீக்கி, இனிட்ராம்எஃப்எஸ்ஸைப் புதுப்பித்துவிடலாம்.